சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். அல்ல: ஒரு குடும்ப வன்முறை வழக்கின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனிப்பெண்ணின் வழக்கு அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம், சமூக நல அலுவலகம், நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் என்று அலையும் வழக்குகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் கோத்து ஒரே நிகழ்வாக அமைத்திருக்கிறோம். சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடியே. பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கும் சட்டத் தன்னார்வலர், சேவை மையப் பணியாளர், அண்ணன், தோழி ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

நிலவரம்

பெண்ணுக்கு 29 வயது. திருமணமாகி ஆறு ஆண்டு, நாலு வயதில் ஒரு மகள். கணவர் பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். குடியிருந்த வீடு மாமியார் பெயரில். போட்ட நகை 35 பவுன். 20 பவுன் மாமியாரின் லாக்கரில், மீதி அடகில்.

பத்து மாதம் முன்பு நெற்றி கிழிந்து அரசு மருத்துவமனையில் தையல். கூட வந்தவர் கணவரே. அதனால் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், 'குளியலறையில் வழுக்கி விழுந்ததாக' என்று பதிவு. கடைசி முறை பெல்ட்டால் அடி. அன்றிரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாவட்டத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் பேருந்து ஏறினார். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்று, நகை பில் எல்லாம் அந்த வீட்டிலேயே நின்றுவிட்டன.

முதல் மூன்று வாரம் எங்கே போனது

மறுநாள் அண்ணன் நேரே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் 'கேஸ் போட்டாச்சு' என்று நிம்மதியானார்கள். அது சி.எஸ்.ஆர்.; புகார் வந்தது என்பதற்கான ஏற்பு மட்டும். முதல் தகவல் அறிக்கை என்றால் 'குற்ற எண்' என்று ஓர் எண்ணும் ஆண்டும் இருக்கும், சட்டப் பிரிவுகள் எழுதியிருக்கும், நகல் இலவசமாகத் தர வேண்டும். எண்ணுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே யாராவது பார்த்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பிறகு இரண்டு முறை இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச்சுவார்த்தை. இரண்டாவது முறை ஒரு வெள்ளைத்தாளில் 'இருவருக்கும் உள்ள கருத்து வேறுபாடு பேசித் தீர்க்கப்பட்டது, சேர்ந்து வாழச் சம்மதம்' என்று எழுதி வாங்கினார்கள். 'கையெழுத்துப் போடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்' என்று உறவினர் ஒருவர் சொல்ல, பெண் போட்டார். அவர் திரும்பிப் போகவில்லை, ஆனால் அந்தத் தாள் பின்னாளில் கணவரின் பதில் மனுவில் முதல் ஆவணமாக வந்து நின்றது. அடி நடந்ததையே மறைத்து 'கருத்து வேறுபாடு' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் நடந்ததை ஒரு வரியில் தன் கையால் எழுதி, 'புகாரைத் திரும்பப் பெறவில்லை' என்றும் சேர்த்துப் போட வேண்டும்.

சட்டம் இந்த இழுபறிக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டுக்குக் கீழான தண்டனை உள்ள குற்றங்களில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) சொல்கிறது, ஆனால் டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிய வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் 173(4)-இன் கீழ் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசைவில்லை என்றால் நடுவரிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு. தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் இல்லாமல் நடுவரிடம் போனால் மனு திரும்பும்.

அம்மா வீட்டு ஊரில் புகார் எடுக்க முடியாது, 'சம்பவம் நடந்த இடத்துக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புவதும் வழக்கம். எல்லை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும் என்று 173(1) சொல்கிறது. தவிர, துன்புறுத்தப்பட்டு அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கணவர் கொடுமை வழக்கு நடத்தலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்த வாரம் தேவைப்பட்டவை வேறு: கணவர் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்காதிருக்க ஒரு தடை, குழந்தையின் செலவுக்குப் பணம், சான்றிதழ்கள், லாக்கர் திறக்கப்படாதிருக்க ஒரு உத்தரவு. இதில் ஒன்றைக்கூட எஃப்.ஐ.ஆர். தராது. நான்கையும் தருவது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அவருக்கு அந்தக் கதவை யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டியது காவல்துறையின் கடமை என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

ஒரே கோர்ட், இரண்டு வேறு வழக்கு

குழப்பத்தின் வேர் இங்கேதான். டி.வி. மனுவை, அதாவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போடும் மனுவை, விசாரிப்பவரும் நீதித்துறை நடுவர், கொடுமை வழக்கை விசாரிப்பவரும் பெரும்பாலும் நடுவர். சில ஊர்களில் இரண்டும் கூடுதல் மகளிர் நீதிமன்றத்தில். அதனால் முதல் வாய்தாவில் நீதிபதி 'என்னம்மா கேக்குற?' என்றதும், 'அவர் பண்ணதுக்குத் தண்டனை குடுங்க அய்யா' என்றார் இவர். அந்த மனுவில் தண்டனைக்கு இடமே இல்லை.

டி.வி. மனுவில் பெண் மனுதாரர். என்ன வேண்டும் என்று கேட்பவர் அவர், வக்கீல் அவருடையவர், வேண்டாம் என்றால் திரும்பப் பெறவும் அவரால் முடியும். அடி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர் நம்பினால் போதும். உத்தரவு என்பது இனி நடக்கக் கூடாததையும் தர வேண்டியதையும் பற்றியது. குற்ற வழக்கில் அவர் சாட்சி மட்டுமே. வழக்கை நடத்துவது அரசு, வாதாடுபவர் அரசு வழக்கறிஞர், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், நடுவில் 'வேண்டாம்' என்றால் அதுவாக நிற்காது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். அதற்கு முன் நடந்த அடிக்குப் பழைய பிரிவுதான் பொருந்தும். இவருடைய ஆறு ஆண்டில் இரண்டு சட்டக் காலமும் வருவதால் புகாரில் தேதி தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒருசேர நடத்தலாம். ஒன்று போட்டால் இன்னொன்று போகாது.

டி.வி. மனு தயாரான விதம்

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் டி.வி. சட்டத்தின் கீழ் உதவ நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரைக் கண்டுபிடித்தது நான்காவது வாரம், மகளிர் உதவி எண் 181-இல் பேசிய பிறகு. அவர் படிவம் 1-இல் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்தார். அறிக்கை இருந்தால் பலம். இல்லை என்பதற்காக மனுவை நிறுத்தக் கூடாது, பிரபா தியாகி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. 'நீங்க சம்பாதிக்கிறீங்களே' என்று யாராவது திருப்பி அனுப்பினால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12-ஐச் சொல்லுங்கள்.

மனு எங்கே? டி.வி. சட்டப் பிரிவு 27 படி அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே போடலாம். அம்மா வீட்டு ஊர் நீதிமன்றத்திலேயே போட்டார்கள். அதற்கு முகவரிச் சான்று கேட்டபோது பழைய ஆதார் கணவர் வீட்டு முகவரியைக் காட்டியது. குழந்தையைச் சேர்த்திருந்த அங்கன்வாடி தந்த கடிதமும் அம்மாவின் குடும்ப அட்டை நகலும் கை கொடுத்தன.

எழுதும்போது பெரிய வேலை தேதித் தாள். ஒரே பக்கம்: முதல் சம்பவம், மோசமானது, கடைசியானது, நடுவில் நாலைந்து. தேதி நினைவில்லாத இடத்தில் 'ஆடிப்பெருக்குக்கு மறுநாள்', 'குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முந்தின வாரம்' என்று நினைவில் உள்ளபடி. உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்பதற்கு ஒரு ரயில் டிக்கெட் வரும். ஒரு தேதி விழுந்தால் மற்ற ஏழும் ஆட்டம் காணும். புகார், டி.வி. மனு, ஜீவனாம்ச மனு மூன்றையும் மூன்று பேர் எழுதுவார்கள். மூவர் கையிலும் இதே தாள் இருக்க வேண்டும். இந்த வகை வழக்குகள் தோற்பதற்குப் பொய்யைவிட முரண்பாடே அதிகக் காரணம்.

வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் ஏ.ஆர். பதிவை மாற்ற முடியாது, மறைக்கவும் கூடாது. 'கூட நின்றது கணவர், அதனால் அப்படிச் சொன்னேன்' என்பதை மனுவிலேயே எழுதியது சரியான முடிவு. கூண்டில் நிற்கும்போது முதல்முறையாகச் சொன்னால் ஜோடிப்பு என்பார்கள். கடைசி அடிக்கு அண்ணன் அவரை மருத்துவமனைக்கே அழைத்துப்போகவில்லை; நான்காம் நாள் போனபோது தழும்பு மங்கியிருந்தது. மருத்துவரிடம் யார், எங்கே, எதால் அடித்தார்கள் என்று சொல்லி எழுதவைத்தால் அது தனிச் சாட்சியம். காயத்தை முகத்தோடு ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், இரண்டும் வேண்டும்.

வாட்ஸ்அப் குரல் செய்திகள் இருந்தன. தம்பி நல்லெண்ணத்தில் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்ததில் பாதி போயிற்று. பழைய போனைத் தொடாமல் வைக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் இறுதி விசாரணையில் சண்டை வரும். அந்தச் சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி, ஒன்றை நிபுணர் தர வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். இடைக்கால உத்தரவுக்கு அது வரை காத்திருக்கத் தேவையில்லை, படிவம் 3 பிரமாணப் பத்திரமே போதும்.

எதிர்மனுதாரர்களாக முதலில் ஒன்பது பேர்: கணவர், மாமியார், மாமனார், நாத்தனார்கள், அவர்களின் கணவன்மார், வெளிநாட்டிலிருக்கும் கொழுந்தன் உட்பட. கோபம் புரிகிறது, ஆனால் இது வழக்கைக் கெடுக்கும் பழக்கம். குறிப்பிட்ட செயல் எதுவும் சொல்லாமல் குடும்பம் முழுவதையும் சேர்ப்பதை ககஷான் கௌசர் வழக்கில் 2022-இலும், தாரா லக்ஷ்மி நாராயணா வழக்கில் 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் கண்டித்து நடவடிக்கைகளை ரத்து செய்தது. ஒரு கொழுந்தன் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினால் மொத்த வழக்கும் நிற்கும். கடைசியில் இருவர் மட்டும்: அடித்த கணவர், நகையை வைத்திருக்கும் மாமியார். எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை ஹிரல் ஹர்சோரா வழக்கில் 2016-இல் நீக்கியாயிற்று.

கோரிக்கைகளையும் அச்சடித்த படிவத்திலிருந்து அப்படியே எடுக்கவில்லை. பிரிவு 18-இன் கீழ், அடிக்கவோ அம்மா வீட்டுக்கும் குழந்தையின் அங்கன்வாடிக்கும் வரவோ போன் பண்ணவோ கூடாது. வங்கி, கிளை, எண் குறிப்பிட்ட அந்த லாக்கரைத் திறக்கக் கூடாது. பிரிவு 19(8)-இல் நகையும் சான்றிதழ்களும் திருப்பித் தர. வீடு மாமியார் பெயரில் என்பதால் உரிமை இல்லை என்று கணவர் தரப்பு சொல்லும். சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்புக்குப் பிறகு, 2020 முதல், அந்த வாதம் அப்படியே நிற்காது. ஆனால் அவருக்கே அங்கே திரும்பப் போக விருப்பமில்லை. ஆகவே 19(1)(எஃப்)-இல் வாடகை கேட்டார்கள். பிரிவு 20-இல் மாதப் பணம், 21-இல் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, 22-இல் இழப்பீடு.

மனு மிகப் பழைய சம்பவங்களையும் சொல்வதால் காலம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதற்கு 2022-இல் வந்த காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன், தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு, பதிலாக இருந்தது: டி.வி. சட்டப் பிரிவு 12-இன் கீழ் போடும் மனுவுக்குக் குற்ற வழக்குகளுக்கான காலவரம்பு பொருந்தாது.

வாய்தாக்கள்

சட்டத்தின் கணக்கில் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், நோட்டீஸ் இரண்டு நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள். நடைமுறை அந்தக் கணக்கில் ஓடாது என்பதை முதல் நாளே பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் மூன்றாவது வாய்தாவில் மனம் விட்டுப்போகும். இங்கே நோட்டீஸ் இரண்டு முறை 'ஆள் இல்லை' என்று திரும்பியது, வீட்டு முகவரி மட்டும் கொடுத்திருந்ததால். யூனிட் முகவரியும் சேர்த்த பிறகு சேர்ந்தது. கணவர் வக்கீல் மூலம் ஆஜரானார். இவர்கள் வீட்டில் 'வாரண்ட் போடலையா?' என்று கேட்டார்கள். இது உரிமையியல் தன்மை கொண்ட நடவடிக்கை, வக்கீல் வந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் பத்மநாதன் வழக்கில் விளக்கியிருக்கிறது.

இடைக்கால உத்தரவை 23-ஆம் பிரிவில் உடனே கேட்டிருந்ததால், எதிர்த்தரப்பு பதில் மனு போட அவகாசம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அதன் நகல் இலவசம், சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் போக வேண்டும் என்கிறது பிரிவு 24. போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பார்க்க வேண்டும். வங்கி மேலாளரிடம் சான்றிட்ட நகலைக் கொடுத்து ஏற்பு வாங்கியதால்தான் லாக்கர் நின்றது.

ஒரு மாதம் கழித்துக் கணவர் அங்கன்வாடி வாசலில் வந்து நின்றார். இது உத்தரவு மீறல். பிரிவு 31 படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். உரிமையியல் பாதை குற்றப் பாதையாகத் திரும்பும் இடம் இதுதான். கையில் உத்தரவு நகலும், அன்றைய தேதி, நேரம், பார்த்தவர் பெயரும் இருந்தன. 31-ஐ விசாரிக்கும்போது பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே நம்பியும் முடிவுக்கு வரலாம் என்கிறது பிரிவு 32.

குற்ற வழக்கு எஸ்.பி.க்கு அனுப்பிய தபாலுக்குப் பிறகு பதிவானது. கைது நடக்கவில்லை. அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு, 2014 முதல், இந்த வகை வழக்கில் யோசிக்காமல் கைது இல்லை; இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இல் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். கைது இல்லை என்றால் வழக்கு செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிலர் சாட்சி சொல்லப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். விசாரணை எந்த நிலையில் என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை இப்போது அதே சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவில் இருக்கிறது, கேட்டு வாங்கலாம். வாய்தா தேதிகளை ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

கணவர் பக்கத்திலிருந்து வந்த காகிதம்

இரண்டாம் மாதம் கணவரின் ஊர்க் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ்: சேர்ந்து வாழக் கோரி, இந்துத் திருமணச் சட்டப் பிரிவு 9. 'நாமதான் கேஸ் போட்டிருக்கோமே, இது எதுக்கு' என்று அம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது இவர் இல்லாமலே ஒருதலையான தீர்ப்பு, வரும். அதை நீக்க 30 நாள். துணை நிற்பவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டிய விஷயம் இது: எந்தக் கவர் வந்தாலும் பிரித்து, அன்றைக்கே படம் எடுத்து அனுப்பு. வழக்கைத் தன் ஊருக்கு மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 24-இல் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். பிரிவு 9 தீர்ப்பு வந்தாலே ஜீவனாம்சம் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறது.

பணம் உத்தரவிலிருந்து கைக்கு

ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, 2020 முதல், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். இவர் வீட்டில் தைத்து மாதம் 5,000 ரூபாய் சம்பாதிப்பதை முதல் வரைவில் விட்டுவிட்டார்கள். யு.பி.ஐ. வரவு ஒரே தட்டலில் வெளிவரும்; சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. கணவர் 'மாசம் பத்தாயிரம்தான்' என்றார். சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானத்தை ஜி.எஸ்.டி. பதிவு, வண்டி ஆர்.சி., யூனிட்டின் மின் இணைப்பு, தையல் மெஷின்களின் எண்ணிக்கை இவற்றால் காட்ட வேண்டியிருந்தது. இடைக்காலமாகப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து.

முதல் இரண்டு மாதம் வந்தது, பிறகு நின்றது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் ஜீவனாம்சப் பிரிவான 144-இன் கீழ் நிலுவையை, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டு மனுப் போட வேண்டும். 'ஒட்டுமொத்தமா வாங்கிக்கலாம்' என்று இரண்டு ஆண்டு விட்டால் பழைய தொகைக்கு அந்த வழியில் வாரண்ட் வாங்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனு, வங்கிக் கணக்கு அறிக்கையோடு. சிறை போனால் கடன் தீர்ந்தது என்று கணவர் தரப்பு சொல்லும்; தீராது.

சமரசம்

ஒன்றரை ஆண்டில் பரஸ்பர விவாகரத்துப் பேச்சு வந்தது: மொத்தத் தொகை, நகை, குழந்தையின் பொறுப்பு, பதிலுக்கு எல்லா வழக்கும் வாபஸ். ஏற்பதும் மறுப்பதும் அவர் முடிவு. ஆனால் பிரிவு 85-இல் பதிவான கொடுமை வழக்கை 'வாபஸ்' வாங்க முடியாது. அது சமரசத்துக்கு உட்படாத குற்றம், உயர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-இன் கீழ் ரத்து மனு போட்டு, பெண் சம்மதப் பிரமாணம் தந்தால்தான் முடியும். பேரத்தில் அவர் கையிலிருக்கும் கடைசிச் சீட்டு அந்தச் சம்மதம். கணவர் தரப்பு அதை முதல் நாளே கேட்டது. ஒப்பந்தத்தில் வரிசை இப்படி எழுதப்பட்டது: கூட்டு மனுத் தாக்கலின்போது நகையும் பாதித் தொகைக்கு டி.டி.யும், இரண்டாவது வாக்குமூலத்தின்போது மீதி டி.டி., அது கணக்கில் ஏறிய பிறகே ரத்து மனுவுக்கான பிரமாணம். லாக்கர் நகையைத் திருப்பித் தந்த அன்று எடை போட்டதில் 20 பவுனுக்கு 17 இருந்தது. குறைந்த மூன்று பவுனின் விலையும் இரண்டாவது டி.டி.யில் சேர்ந்தது. குழந்தையின் பங்கைத் தாய் தன் தொகைக்குள் கரைத்துவிடக் கூடாது என்பதால் அது தனி வைப்பு நிதியாக, தனிப் பத்தியில் எழுதப்பட்டது.